எடுப்பதற்கு முன் பாருங்கள்

(மகளிர் நலக் கூட்டம் ஒன்றில் மகப்பேறு மருத்துவர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



தலைப்பைக் கேட்டதும் பின்வரிசையில் சில ஆண்கள் நெளிவது இங்கிருந்தே தெரிகிறது. தயவுசெய்து எழுந்து போய்விடாதீர்கள். உங்கள் வீட்டில் அம்மா இருக்கிறார், மனைவி இருக்கிறார், அக்கா இருக்கிறார். அவர்கள் ஆஸ்பத்திரிக்குப் போவதா வேண்டாமா என்பதைப் பல வீடுகளில் இன்றைக்கும் நீங்கள்தான் முடிவு செய்கிறீர்கள். வண்டி எடுப்பதும் நீங்கள், பணம் கட்டுவதும் நீங்கள், ஆபரேஷன் தாளில் கையெழுத்துப் போடுவதும் நீங்கள். ஆகவே இந்தப் பேச்சு உங்களுக்கும் சேர்த்துத்தான்.

நாற்பத்தைந்து வயதைத் தாண்டிய பெண்களுக்கு வரும் உதிரப்போக்கைப் பற்றிப் பேசப் போகிறேன். இதில் நம் ஊரில் இரண்டு தவறுகள் நடக்கின்றன. இரண்டும் ஒன்றுக்கொன்று நேர் எதிரானவை. மாதவிடாய் நிற்கும் தறுவாயில் இருக்கிற பெண்ணுக்கு ரத்தம் அதிகமாகப் போனால், என்ன காரணம் என்று பார்ப்பதற்குள் கர்ப்பப்பையையே எடுத்துவிடுகிறோம். மாதவிடாய் நின்று பல வருடம் ஆன பெண்ணுக்குத் துணியில் ஒரு துளி பட்டால், 'உடம்புச் சூடு' என்று சொல்லி மாதக்கணக்கில் விட்டுவிடுகிறோம். பொறுத்துப் பார்க்க வேண்டிய இடத்தில் அவசரம், ஓட வேண்டிய இடத்தில் நிதானம். என்னுடைய கட்சி இதுதான்: இரண்டு பேருக்கும் முதலில் காரணத்தைக் கண்டுபிடியுங்கள். கண்டுபிடிப்பது இன்றைக்கு அவ்வளவு கடினமும் இல்லை, செலவும் இல்லை.

முதலில் கணக்கு. கடைசி மாதவிடாய்க்குப் பிறகு முழுதாகப் பன்னிரண்டு மாதம் ஒன்றும் வராமல் இருந்தால்தான் 'நின்றுவிட்டது' என்று நாங்கள் எழுதுவோம். மேலை நாடுகளில் இது சராசரியாக 51 வயதில் நடக்கிறது. நம் நாட்டில் 46, 47 வயதிலேயே நடந்துவிடுகிறது. அதற்கு முந்தைய சில வருடங்கள்தான் தடுமாற்றக் காலம். ஒரு தடவை இருபது நாளில் வரும், அடுத்த தடவை இரண்டு மாதம் தள்ளிப்போகும். இந்தத் தடுமாற்றம் இயற்கை. ஆனால் அதைச் சாக்காக வைத்து எல்லா உதிரப்போக்கையும் இயற்கை என்று சொல்லிவிட முடியாது. எட்டு நாளுக்கு மேல் நீடிப்பது, ஒரு மணி இரண்டு மணிக்கு ஒருமுறை நாப்கின் நனைவது, கட்டி கட்டியாகப் போவது, இரண்டு மாதவிடாய்க்கு நடுவே படுவது, தாம்பத்திய உறவுக்குப் பின் படுவது, இவையெல்லாம் எந்த வயதிலும் இயல்பு ஆகாது. 'இந்த வயசுல அப்படித்தான் இருக்கும்' என்று பக்கத்து வீட்டு அக்கா சொல்வார். அக்காவுக்கு இருந்தது வேறாக இருக்கலாம்.

பழைய பாடப்புத்தகங்களில் 80 மில்லிலிட்டருக்கு மேல் போனால் பெரும்பாடு என்று எழுதியிருக்கும். அதை யார் அளந்து பார்ப்பது? இப்போது நாங்கள் வேறு மாதிரி கேட்கிறோம். கல்யாண வீட்டுக்குப் போகப் பயமா? பஸ்ஸில் இருந்து எழுந்ததும் சீட்டைத் திரும்பிப் பார்க்கிறீர்களா? ராத்திரி ரப்பர் ஷீட் விரித்துப் படுக்கிறீர்களா? மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறதா? ஆமாம் என்றால் அது அதிகம்தான். மில்லிலிட்டர் தேவையில்லை. 5ஆவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி 15 முதல் 49 வயது வரையிலான இந்தியப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. தமிழ்நாட்டில் 53.4 சதவீதம். இதற்குச் சாப்பாடு மட்டும் காரணம் இல்லை. மாதாமாதம் கொட்டிப் போவதும் ஒரு காரணம். ஹீமோகுளோபின் 6 கிராமில் வந்து நின்றுகொண்டு, 'கொஞ்சம் அசதியா இருக்குங்க, வேற ஒண்ணுமில்ல' என்று சொல்லும் பெண்களை எந்த அரசு மருத்துவமனையின் வெளிநோயாளிப் பிரிவிலும் பார்க்கலாம்.

ஏன் இந்த வயதில் இப்படி ஆகிறது? கர்ப்பப்பையின் உள்ளே ஒரு சவ்வு இருக்கிறது. எண்டோமெட்ரியம் என்று ஸ்கேன் அறிக்கையில் எழுதியிருப்பார்களே, அதுதான். ஈஸ்ட்ரோஜென் அதை வளர்க்கும். சினைமுட்டை வெளிவந்த பிறகு சுரக்கும் புரோஜெஸ்டிரோன் அந்த வளர்ச்சியை நிறுத்திப் பக்குவப்படுத்தி, உரிய நாளில் ஒழுங்காக உதிரச் செய்யும். நாற்பத்தைந்தை ஒட்டிப் பல மாதங்களில் முட்டை வெளிவராது. புரோஜெஸ்டிரோன் இல்லை, ஈஸ்ட்ரோஜென் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். உரம் போட்டுக்கொண்டே இருக்கிறார்கள், அறுக்க ஆள் வரவில்லை என்றால் வயல் என்ன ஆகும்? அதுதான் நடக்கிறது. சவ்வு கண்டபடி தடித்து, அங்கங்கே தானாக உதிர்ந்து, நாள் கணக்கில்லாமல் ரத்தம் போகும். பெரும்பாலோருக்கு இவ்வளவுதான் விஷயம். சிலருக்கு மட்டும் அந்தத் தடித்த சவ்வின் செல்கள் வழி தவறத் தொடங்கும்.

ஈஸ்ட்ரோஜென் தனியாக ஓடினால் என்ன ஆகும் என்பதை உலகம் ஒரு கசப்பான வழியில் தெரிந்துகொண்டது. 1966இல் அமெரிக்காவில் ராபர்ட் வில்சன் என்ற மருத்துவர், ஈஸ்ட்ரோஜென் மாத்திரை சாப்பிட்டால் பெண்கள் என்றென்றும் இளமையோடு இருக்கலாம் என்று ஒரு புத்தகம் எழுதினார். புத்தகம் பிய்த்துக்கொண்டு விற்றது. லட்சக்கணக்கான பெண்கள் அந்த மாத்திரையைச் சாப்பிட்டார்கள். 1975 டிசம்பரில் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் இரண்டு ஆய்வுகள் அடுத்தடுத்து வெளிவந்தன. சாப்பிட்டவர்களுக்குக் கர்ப்பப்பைப் புற்றுநோய் அபாயம் ஓர் ஆய்வில் நாலரை மடங்கு, மற்றதில் ஏழரை மடங்கு. அதன்பிறகுதான் கர்ப்பப்பை உள்ள பெண்ணுக்கு ஈஸ்ட்ரோஜென் கொடுத்தால் கூடவே புரோஜெஸ்டிரோனும் கொடுக்க வேண்டும் என்ற விதி வந்தது. இந்தக் கதையை நான் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. மாத்திரை சாப்பிடாமலேயே இதே நிலைமை நம் பெண்களுக்கு உண்டாகிறது. உடம்பில் சேர்ந்த கொழுப்பு ஒரு ஈஸ்ட்ரோஜென் தொழிற்சாலை. சினைப்பை நின்ற பிறகும் அது உற்பத்தி செய்துகொண்டே இருக்கும். ஆகவே உடல் பருமன், சர்க்கரை நோய், இளமையில் பிசிஓடி இருந்தது, குழந்தைப்பேறு இல்லாதது, மிகத் தாமதமாக மாதவிடாய் நின்றது, குடும்பத்தில் பெருங்குடல் புற்றுநோயும் கர்ப்பப்பைப் புற்றுநோயும் சேர்ந்து வருவது, இவை உள்ளவர்களிடம் நாங்கள் இன்னும் கவனமாக இருப்போம்.

காரணங்கள் முழுப் பட்டியலையும் இங்கே ஒப்பிக்கப் போவதில்லை. சர்வதேச மகப்பேறு மருத்துவக் கூட்டமைப்பு 2011இல் அவற்றை ஒன்பது வகையாகப் பிரித்து வைத்திருக்கிறது. பாலிப், தசைச் சுவருக்குள் சவ்வு புகுந்துகொள்ளும் அடினோமையோசிஸ், ஃபைப்ராய்டு கட்டி, புற்றுநோயும் அதன் முன்னோடியும், இவை நான்கும் கண்ணுக்குத் தெரிபவை. ரத்தம் உறையாமை, முட்டை வெளிவராமை, சவ்வின் கோளாறு, மருந்துகளால் வருவது, வகைப்படுத்த முடியாதது, இவை ஐந்தும் கண்ணுக்குத் தெரியாதவை. மருத்துவ மாணவர்கள் இதை மனப்பாடம் செய்யட்டும். நீங்கள் நினைவில் வைக்க வேண்டியவை இரண்டு. ஒன்று, தைராய்டும் கர்ப்பமும். நாற்பத்தேழு வயதில் 'நாள் தள்ளிப்போய் அப்புறம் நிறையப் போகுது' என்று வருபவருக்கும் கர்ப்பப் பரிசோதனை செய்தே ஆக வேண்டும். சிரிக்காதீர்கள், அப்படி வந்திருக்கிறார்கள். இன்னொன்று மருந்துகள். இதயத்துக்கு ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரை, மறந்துபோன காப்பர்-டி, கோயில் திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் தீட்டைத் தள்ளிப்போட மருந்துக் கடையில் நேராக வாங்கிச் சாப்பிடும் மாத்திரை. அந்த மாத்திரையைக் குறை சொல்லவில்லை, நாங்களும் எழுதுகிறோம். நாற்பத்தைந்துக்கு மேல் யாரையும் கேட்காமல் அதை மாதாமாதம் சாப்பிட்டு உதிரப்போக்கை அடக்கிவைப்பதுதான் பிரச்சினை. அடங்குவது ரத்தம், காரணம் உள்ளேயே இருக்கும்.

இனி மாதவிடாய் நின்ற பிறகு வருவதற்கு வருகிறேன்.

ஈரோட்டுப் பக்கம் ஒரு கிராமம். அறுபதைத் தாண்டிய அம்மா. மருமகள்தான் கூட்டிவந்தார். துணி துவைக்கும்போது மாமியாரின் உள்பாவாடையில் கறையைப் பார்த்திருக்கிறார். 'எத்தனை நாளா இருக்கும்மா?' என்று கேட்டேன். 'அதெல்லாம் ஒண்ணுமில்ல கண்ணு. சூடு. வெந்தயம் ஊறவெச்சுக் குடிச்சேன், நின்னுபோச்சு' என்றார். நின்றது உண்மைதான். பிறகு மறுபடி பட்டது, மறுபடி நின்றது. மருமகள் குறுக்கிட்டு, 'ஆடியிலயே ஒருக்கா பார்த்தனுங்க டாக்டரம்மா. அத்தைகிட்டக் கேட்டா வெத்தலைச் சாறுன்னு சொல்லிட்டாங்க' என்றார். அவர்கள் என் முன்னால் உட்கார்ந்திருந்தது மாசி மாதம். அந்த அம்மா கடைசியில் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்: 'பேரன் காலேஜுக்குப் போறான். இந்த வயசுல இதைப் போய் யாருகிட்டச் சொல்றது கண்ணு?'

பரிசோதனையில் கர்ப்பப்பைப் புற்றுநோய் என்று வந்தது. நல்லவேளை, இன்னும் கர்ப்பப்பையைத் தாண்டவில்லை. ஆபரேஷனோடு முடிந்தது. இப்போது நன்றாக இருக்கிறார். எல்லோருக்கும் அந்த அதிர்ஷ்டம் வாய்ப்பதில்லை என்பதும் எனக்குத் தெரியும்.

பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. பல நாடுகளில் நடந்த 129 ஆய்வுகளை, நாற்பதாயிரத்துக்கு மேற்பட்ட பெண்களின் விவரங்களோடு, 2018இல் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். மாதவிடாய் நின்றபின் உதிரம் வந்த 100 பெண்களில் சுமார் 9 பேருக்குத்தான் கர்ப்பப்பைச் சவ்வில் புற்றுநோய். மீதி 91 பேருக்கு இல்லை. பெரும்பாலோருக்கு ஹார்மோன் குறைந்து சவ்வு மெலிந்து வறண்டு போனதுதான் காரணம், அல்லது ஒரு சாதாரண பாலிப். இப்போது அதே ஆய்வைத் திருப்பிப் பாருங்கள். இந்தப் புற்றுநோய் வந்த பெண்களில் 100க்கு 91 பேருக்கு உதிரப்போக்கு இருந்திருக்கிறது. சினைப்பைப் புற்றுநோய் வயிறு உப்பும்வரை வாயே திறக்காது. கணையப் புற்றுநோயும் அப்படித்தான். கர்ப்பப்பைப் புற்றுநோய் மட்டும் ஆரம்பத்திலேயே வாசலில் வந்து கூப்பிடுகிறது. கர்ப்பப்பைக்குள் அடங்கியிருக்கும்போதே பிடித்துவிட்டால் நூற்றுக்கு ஏறக்குறைய 95 பேர் ஐந்து வருடம் தாண்டுகிறார்கள். கூப்பிட்டும் நாம் போகாமல் இருப்பதுதான் வேதனை. ஆகவே ஒரு துளி, காப்பிக் கலரில் ஒரு கறை, ரோஸ் நிறத்தில் தண்ணீர் போல, எப்படிப் பட்டாலும் அளவைப் பார்க்காதீர்கள். ஒரே ஒருமுறை பட்டு நின்றுவிட்டதா? அப்போதும் வர வேண்டும்.

வந்தால் என்ன செய்வார்கள் என்ற பயம்தான் பலரைத் தடுக்கிறது. அதனால் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன்.

முதலில் ரத்தம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். சிறுநீர்ப் பாதையிலிருந்து வருவதும், மூலத்திலிருந்து வருவதும் துணியில் ஒரே மாதிரிதான் தெரியும். கர்ப்பப்பை இறக்கத்துக்கு வளையம் போட்டிருப்பவர்களுக்கு அது உரசிப் புண்ணாகியிருக்கலாம். அப்புறம் ஸ்பெகுலம் வைத்துக் கர்ப்பப்பை வாயைக் கண்ணால் பார்க்க வேண்டும். இந்த இரண்டு நிமிட வேலையைத் தாண்டி நேராக ஸ்கேனுக்கு அனுப்புவதை நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன். மேலை நாட்டுப் புத்தகங்கள் கர்ப்பப்பைச் சவ்வைப் பற்றித்தான் அதிகம் பேசும். நம் நாட்டில் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்தான் பெரிய எதிரி. ஆண்டுக்கு 1.2 லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களுக்கு அது புதிதாக வருகிறது. ஸ்கேனில் சவ்வு அழகாக மெல்லியதாகத் தெரியும், புற்று கீழே வாயில் உட்கார்ந்திருக்கும்.

இதில் நம் மாநிலத்துக்கு ஒரு பெருமை உண்டு. 2000ஆம் ஆண்டு தொடங்கித் திண்டுக்கல் மாவட்டக் கிராமங்களில் 30 முதல் 59 வயதுப் பெண்களுக்குக் கர்ப்பப்பை வாயில் அசிட்டிக் அமிலம் தடவிப் பார்க்கும் எளிய பரிசோதனையைச் செய்தார்கள். டாக்டர் சங்கரநாராயணன் தலைமையில் நடந்த அந்த ஆய்வு 2007இல் லான்செட் இதழில் வெளிவந்தது. புற்றுநோய் வருவது 25 சதவீதமும், அதனால் இறப்பது 35 சதவீதமும் குறைந்தன. நம் ஆரம்ப சுகாதார நிலையங்களில் இன்று நடக்கும் பரிசோதனை அந்த வகையைச் சேர்ந்ததுதான். ஒரு எச்சரிக்கை: மாதவிடாய் நின்ற பிறகு கர்ப்பப்பை வாயில் பார்க்க வேண்டிய பகுதி உள்ளே சுருங்கிப் போய்விடுவதால் இந்த முறை அவ்வளவு நம்பகமானதல்ல. எச்பிவி வைரஸ் இருக்கிறதா என்று பார்க்கும் பரிசோதனை அந்த வயதுக்குப் பொருந்தும். இன்னொன்றும் உண்டு. இவையெல்லாம் தொந்தரவு இல்லாதவர்களுக்கான முகாம் பரிசோதனைகள். உதிரம் போகிறவர் 'போன வருஷம் முகாமில் நார்மல் என்று சொன்னார்கள்' என்று நிம்மதியாக இருந்துவிடக் கூடாது.

அடுத்து ஸ்கேன். வயிற்றின் மேல் வைத்துப் பார்ப்பதைவிடப் பிறப்புறுப்பு வழியாகப் பார்ப்பதில்தான் சவ்வு தெளிவாகத் தெரியும். கருவியின் மேல் புதிய உறை போட்டுத்தான் செய்வார்கள். வலிக்காது, கொஞ்சம் கூச்சமாக இருக்கும், அவ்வளவுதான். மாதவிடாய் நின்றபின் உதிரம் வந்தவருக்குச் சவ்வின் தடிமன் 4 மில்லிமீட்டர் அல்லது அதற்குக் கீழே என்றால் புற்றுநோய் இல்லை என்று 99 சதவீதத்துக்கு மேல் நம்பலாம். அப்படிப்பட்டவருக்கு உடனே திசு எடுக்க வேண்டியதில்லை. ஆனால் மறுபடி உதிரம் பட்டால் 3 மில்லிமீட்டர் என்றாலும் திசு எடுத்தே ஆக வேண்டும். மெல்லிய சவ்விலேயே வளரும் முரட்டு வகைப் புற்றுநோய் ஒன்று உண்டு. ஃபைப்ராய்டு கட்டிகள் மறைப்பதால் அளவு சரியாகக் கிடைக்காமலும் போகலாம். ஸ்கேன் ஒரு வடிகட்டிதான், தீர்ப்பு அல்ல.

இந்த 4 மில்லிமீட்டர் கணக்கை இன்னும் மாதவிடாய் வந்துகொண்டிருப்பவர்களுக்குப் போடவே கூடாது. அவர்களுக்கு மாதத்தின் நாளுக்கேற்ப 4ம் இருக்கும், 14ம் இருக்கும், இரண்டும் இயல்புதான். மாதவிடாய் நின்று, உதிரமும் இல்லாமல், மாஸ்டர் ஹெல்த் செக்கப்பில் தற்செயலாக '6 மி.மீ.' என்று எழுதியிருந்தாலும் அதற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். அந்த நிலையில் 11 மில்லிமீட்டர் அளவில்தான் பொதுவாக மேற்கொண்டு யோசிப்பார்கள். சொல்லப்போனால், நம் ஊர் ஸ்கேன் அறிக்கைகளில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. 'பல்க்கி யூட்டரஸ்' என்று ஒரு வரி இருக்கும். இரண்டு மூன்று பிள்ளை பெற்ற பெண்ணின் கர்ப்பப்பை கொஞ்சம் பெரிதாகத்தான் இருக்கும். 'நபோத்தியன் சிஸ்ட்' என்று இன்னொரு வரி. அது பரு மாதிரி எந்தத் தீங்கும் செய்யாது. இந்த இரண்டு வரியைக் காட்டி, 'கர்ப்பப்பை வீங்கியிருக்கு, கட்டி இருக்கு, எடுத்துடலாம், இல்லன்னா கேன்சர் ஆயிடும்' என்று சொல்லிப் பயமுறுத்தி அனுப்பிய பெண்களை எத்தனையோ பார்த்துவிட்டேன். 'பல்க்கி யூட்டரஸ்' என்பது நோயின் பெயரே அல்ல.

தீர்ப்பு சொல்வது திசு. நாற்பத்தைந்து வயதுக்கு மேல் உதிரப்போக்கு தாறுமாறாக இருந்தால் திசுப் பரிசோதனையை முதல் கட்டத்திலேயே செய்ய வேண்டும் என்பதுதான் இன்றைய விதி. அந்த வயதுக்குக் கீழே இருந்தாலும் பருமன், பிசிஓடி போன்றவை இருந்தால், அல்லது மருந்துக்கு அடங்காவிட்டால் செய்வோம். இதற்காக 1980களில் பிரான்சில் பைப்பெல் என்ற ஒரு கருவி வந்தது. 3.1 மில்லிமீட்டர் பருமனுள்ள மெல்லிய பிளாஸ்டிக் குழாய், உள்ளே ஒரு பிஸ்டன். கர்ப்பப்பைக்குள் செலுத்தி, பிஸ்டனை இழுத்து, குழாயைச் சுழற்றிக்கொண்டே வெளியே எடுத்தால் பக்கத் துளை வழியாகத் திசு உள்ளே ஏறிவிடும். மயக்க ஊசி வேண்டாம், அட்மிஷன் வேண்டாம். மாதவிடாய் வலி போல ஒரு நிமிடம் சுருக்கென்று இழுக்கும். அதை மறைக்காமல் முன்கூட்டியே சொல்லி, வலி மாத்திரையும் கொடுத்துவிட்டால் பெண்கள் தாங்கிக்கொள்கிறார்கள். சொல்லாமல் செய்தால்தான் அடுத்த தடவை வர மாட்டார்கள். திசுவை ஃபார்மலின் புட்டியில் போட்டு, பெயரும் வயதும் கடைசி மாதவிடாய்த் தேதியும் எழுதி நோய்க்குறியியல் மருத்துவருக்கு அனுப்ப வேண்டும்.

'மயக்கம் கொடுத்து முழுசாகச் சுரண்டிப் பார்த்துவிடலாமே' என்று கேட்பவர்கள் உண்டு. டி அண்டு சி என்றால் எல்லாம் வந்துவிடும் என்பது பழைய நம்பிக்கை. 1975இல் வெளிவந்த ஓர் ஆய்வில், கர்ப்பப்பையை எடுப்பதற்குச் சற்று முன் சுரண்டிவிட்டு, எடுத்தபின் திறந்து பார்த்தார்கள். பத்தில் ஆறு பேருக்குப் பாதி இடம்கூடச் சுரண்டப்பட்டிருக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு செய்யும் வேலையின் லட்சணம் அது. எனவே பைப்பெலில் போதிய திசு வராமல் சவ்வு தடிப்பாக இருந்தாலோ, அறிக்கை நார்மல் என்று வந்தும் உதிரம் நிற்காவிட்டாலோ, அடுத்தது ஹிஸ்டெரோஸ்கோப்பி. சிறு கேமராவை உள்ளே விட்டு நேரில் பார்த்து, சந்தேகமான இடத்தில் மட்டும் கிள்ளி எடுப்பது. இது ஏதோ நேற்று வந்த நாகரிகம் என்று நினைக்காதீர்கள். 1869ஆம் ஆண்டிலேயே பாண்டலியோனி என்ற மருத்துவர், எந்த மருந்துக்கும் நிற்காமல் உதிரம் போய்க்கொண்டிருந்த 60 வயதுப் பெண்ணின் கர்ப்பப்பைக்குள் ஒரு குழாய் வழியாகப் பார்த்தார். ஒரு பாலிப் தெரிந்தது. வெள்ளி நைட்ரேட்டால் சுட்டார். உலகில் பதிவான முதல் ஹிஸ்டெரோஸ்கோப்பி அதுதான். அந்த அம்மாளின் கதையும் நாம் பேசிக்கொண்டிருக்கும் கதைதான்.

திசு அறிக்கையில் 'ஹைப்பர்பிளேசியா' என்று வந்தால் பதற வேண்டாம். அடுத்த வார்த்தையைப் பாருங்கள். செல்களில் மாறுபாடு இல்லாத வகை என்றால் இருபது வருடத்தில் புற்றுநோயாக மாறுவது நூற்றுக்கு ஐந்து பேருக்கும் குறைவு. புரோஜெஸ்டிரோன் மருந்தாலோ, அந்த மருந்தைக் கசியவிடும் கர்ப்பப்பைச் சாதனத்தாலோ பெரும்பாலும் சரியாகிவிடும். 'அட்டிபிக்கல்' என்று இருந்தால் விஷயம் வேறு. அமெரிக்காவில் அப்படி அறிக்கை வந்தவர்களின் கர்ப்பப்பையை எடுத்துப் பார்த்தபோது 100க்கு 43 பேருக்கு அங்கே ஏற்கெனவே புற்றுநோய் இருந்தது. அங்கே தயக்கம் கூடாது.

மார்பகப் புற்றுநோய்க்கு டாமாக்சிஃபென் சாப்பிடுபவர்களுக்கு ஒரு வார்த்தை. அந்த மருந்து மார்பகத்தில் ஈஸ்ட்ரோஜெனைத் தடுக்கும், கர்ப்பப்பையில் ஈஸ்ட்ரோஜென் போலவே நடந்துகொள்ளும். மாதவிடாய் நின்றவர்களுக்குக் கர்ப்பப்பைப் புற்றுநோய் அபாயம் இரண்டு மூன்று மடங்கு கூடும். அதற்காக மருந்தை நிறுத்திவிடாதீர்கள், அதன் நன்மை பெரிது. உதிரம் பட்டால் மட்டும் உடனே சொல்லுங்கள்.

இப்போது முதலில் சொன்ன மற்றத் தவறுக்கு வருகிறேன். மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டப் போகும் பெண்கள் ஏராளம். 2019இல் அரசுக் குழு ஒன்று அவர்களில் 82,309 பேரைக் கணக்கெடுத்தது. 13,861 பேருக்குக் கர்ப்பப்பை இல்லை. வெட்டு நின்றால் கூலி போகும், மாதவிடாயே ஒரு தொல்லை, வெள்ளைப்படுதலுக்குக்கூட 'எடுத்துவிடு' என்று சொல்ல ஆள் இருந்தது. ராஜஸ்தான், பீகார், சத்தீஸ்கரிலும் இதே கதை. டாக்டர் நரேந்திர குப்தா தொடுத்த பொதுநல வழக்கில் 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், தேவையில்லாமல் கர்ப்பப்பை எடுப்பதைத் தடுக்கும் மத்திய அரசின் வழிகாட்டு விதிகளை எல்லா மாநிலங்களும் மூன்று மாதத்துக்குள் ஏற்க வேண்டும் என்று உத்தரவிட்டது. தேசிய அளவில் 15 முதல் 49 வயதுக்குள் சுமார் 3 சதவீதப் பெண்களுக்குக் கர்ப்பப்பை எடுத்தாகிவிட்டது. பக்கத்து ஆந்திரத்திலும் தெலங்கானாவிலும் அது இரண்டு மடங்குக்கும் மேல். நாம் ரொம்ப யோக்கியர்கள் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம், காப்பீட்டு அட்டை இருக்கும் இடத்திலெல்லாம் இந்தச் சபலம் உண்டு.

கர்ப்பப்பை எடுக்கும் அறுவைக்கு நான் எதிரி அல்ல. நானே செய்கிறேன். பெரிய கட்டி, மருந்துக்கு அடங்காத பெரும்பாடு, புற்றுநோய், இவற்றுக்கு அது உயிர் காக்கும். வரிசை மாறக் கூடாது என்கிறேன், அவ்வளவுதான். ரத்தப்போக்கைக் குறைக்கும் டிரனெக்சாமிக் அமிலம் இருக்கிறது, புரோஜெஸ்டிரோன் இருக்கிறது, கர்ப்பப்பைச் சாதனம் இருக்கிறது. பின்லாந்தில் பெரும்பாட்டால் அவதிப்பட்ட 236 பெண்களில் ஒரு பாதிக்கு அறுவையும் மறுபாதிக்கு இந்தச் சாதனமும் என்று பிரித்து ஐந்து வருடம் பார்த்தார்கள். சாதனம் வைத்தவர்களில் 42 சதவீதம் பேர் பின்னால் அறுவைக்குப் போனார்கள். மீதி 58 சதவீதம் பேர் கத்தியே படாமல் தப்பித்தார்கள், வாழ்க்கைத் தரம் இரு பிரிவுக்கும் ஒன்றுபோலவே இருந்தது, செலவும் குறைவு. நாற்பத்தாறில் இருப்பவருக்கு இரண்டு மூன்று வருடம் தாக்குப்பிடித்தால் இயற்கையே நிறுத்திக் கொடுத்துவிடும்.

திசு பார்க்காமல் எடுப்பதில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. உள்ளே புற்றுநோய் இருந்து, தெரியாமல் சாதாரண அறுவையாகச் செய்துவிட்டால், சினைப்பையையும் நிணநீர் முடிச்சையும் பார்க்க வேண்டிய முறையில் பார்த்திருக்க மாட்டார்கள். கர்ப்பப்பையைத் துண்டு துண்டாக்கி எடுத்திருந்தால் புற்று வயிற்றுக்குள் சிதறியிருக்கலாம். அப்புறம் மறுபடி அறுவை, கதிர்வீச்சு என்று அலைய வேண்டும். 'எதுக்கும் சினைப்பையையும் சேர்த்து எடுத்துடலாம்' என்பதற்கும் சட்டென்று தலையாட்டாதீர்கள். இளம் வயதில் சினைப்பையை இழந்தால் எலும்பும் இதயமும் அதற்கு விலை கொடுக்கும். எடுக்க வேண்டும் என்று யாராவது சொன்னால் சண்டை போட வேண்டாம். 'பயாப்ஸி பார்த்தீங்களா? மாத்திரையிலோ வேற வழியிலோ முயற்சி பண்ண முடியாதா?' என்று இரண்டு கேள்வி கேளுங்கள். நல்ல மருத்துவர் பதில் சொல்வார். கோபப்பட்டால் வேறு இடத்தில் இரண்டாம் கருத்துக் கேளுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இந்தப் பரிசோதனைகள் எல்லாமே உண்டு.

கடைசியாக, வரும்போது என்ன கொண்டுவர வேண்டும் என்று சொல்லிவிடுகிறேன். வீட்டில் தொங்கும் காலண்டரில் உதிரம் பட்ட நாளையெல்லாம் வட்டம் போட்டுவையுங்கள், அந்தத் தாள்களைக் கொண்டுவாருங்கள். சாப்பிடும் மாத்திரைகளை அட்டையோடு எடுத்துவாருங்கள், 'வெள்ளை மாத்திரை, காலையில ஒண்ணு' என்றால் எங்களுக்குப் புரியாது. காப்பர்-டி எப்போதாவது வைத்திருந்தால், அதை எடுத்தார்களா என்று யோசித்துவிட்டு வாருங்கள். கர்ப்பப்பை ஏற்கெனவே எடுத்தவர்களுக்கும் உதிரம் பட்டால் வர வேண்டியதுதான். அப்படி வரும்போது, எடுத்த கர்ப்பப்பையைப் பரிசோதித்துக் கொடுத்த பயாப்ஸி அறிக்கை அவசியம். ஆபரேஷன் முடிந்து தையல் பிரித்ததும் வீட்டுக்குப் போய்விடுகிறார்கள், அந்த அறிக்கையை வாங்க யாரும் போவதில்லை. இங்கே இருப்பவர்களில் அப்படி வாங்காமல் விட்டவர்கள் இருந்தால், நாளைக்கே போய்க் கேட்டு வாங்கி, பத்திரமாக வையுங்கள்.